ஊவா மலைநாட்டில் மாணவியர் தலைமை

கல்வியாண்டு தொடங்கிச் சில கிழமைகள் செல்லுமுன் இலங்கைப் பாடசாலைகள் பலவற்றிலும் சின்னஞ் சூட்டும் வைபவம் நடைபெறுவதுண்டு. மங்கல விளக்கேற்றியபின், சிரேஷ்ட மாணவத் தலைவி முதலாக இல்லத் தலைவியர், மன்றச் செயலாளர் ஈறாக ஒவ்வொருவரும் மேடைக்கு வருவர். தம் பெயரும் வகுப்பும் கூறி, தாம் ஏற்ற பதவி யாது, அவ்வாண்டில் தாம் செய்யக் கருதியது யாது என்பதைச் சபையோர்க்கு எடுத்துரைப்பர். ஒருத்தி நூல்நிலையத்தை ஒழுங்கு செய்வேன் என்பாள். மற்றொருத்தி தமிழ்த் தினப் போட்டிகளுக்குச் சிறுவகுப்புப் பிள்ளைகளைப் பழக்குவேன் என்பாள். வைத்தியராவதே தன் இலட்சியம் என்று சொல்லி வணங்கி இறங்குவாள் இன்னொருத்தி.

பெருநகரங்களில் இஃது ஆண்டுதோறும் காணும் காட்சி. ஆயின், பதுளைத் தமிழ் மகளிர் மகா வித்தியாலயம் போன்ற ஊவா மாகாணப் பாடசாலைகளிலே, தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்மக்கள் இவ்வாறு எழுந்து நின்று பேசுவதற்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தாலன்றி, அந்த இரண்டொரு நிமிடப் பேச்சின் பெறுமதி விளங்காது.

மாணவர்க்குள் ஒருவரைத் தலைவராக்கும் முறை மேனாட்டிலிருந்து வந்ததென்றே பலரும் எண்ணுவர். அது பாதியளவே உண்மை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் பதவி நெடுங்காலம் நிலவியது. உபாத்தியாயர் ஒருவர், பிள்ளைகள் பலர் என்றிருந்த நிலையில், மூத்த மாணாக்கன் இளையோர்க்கு எழுத்தைக் காட்டிப் பாடத்தையும் ஒப்புவிக்கச் செய்வான். 1787ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த அந்திரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், எழும்பூரிலே படைவீரர்களின் அனாதைச் சிறுவர்க்கென நிறுவப்பட்ட பள்ளியை 1789 முதல் 1796 வரை நடத்தினார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்ட அவர், மூத்தோரைக்கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் வழியாக, அது ‘சென்னை முறை’ என்று பெயர்பெற்றுப் பல நாடுகளிலும் பரவிற்று. பின்னர், 1828 முதல் 1842 வரை இங்கிலாந்தின் றக்பி பள்ளிக்குத் தலைவராயிருந்த தோமஸ் ஆனோல்ட், மேல்வகுப்பு மாணவரிடம் பள்ளியின் ஒழுக்கத்தையே ஒப்படைத்து அப்பதவிக்குப் பெருமதிப்பு உண்டாக்கினார். ஆங்கிலக் கல்லூரிகளோடு இலங்கைக்கு வந்து சேர்ந்த மாணவத் தலைவர் முறை இத்தகையது.

இவ்விரு மரபுகளும் ஆண்பிள்ளைகளைச் சுற்றியே வளர்ந்தவை. திண்ணைப் பள்ளியிலே பெண்பிள்ளை அமர்ந்தது அருமை. அவள் சட்டாம்பிள்ளையாவது எங்ஙனம்? இலங்கைத் தமிழரிடையே பெண்கல்விக்கு வழிதிறந்த நிலையங்களுள் முதன்மையானது, அமெரிக்க மிசனரிமார் 1824ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து உடுவிலில் நிறுவிய மகளிர் விடுதிப் பாடசாலையாகும். ஒரு நூற்றாண்டு அணுகும் காலத்தில், 1917ஆம் ஆண்டு, கண்டியில் பெண் சாரணியம் தொடங்கிற்று. பள்ளிச் சிறுமி ஒருத்தி தன் வயதொத்தவர் சிலருக்குத் தலைவியாகி, அவர்களுடைய நலனுக்குப் பொறுப்பேற்கும் பழக்கம் அதனால் வளர்ந்தது. எனினும், இந்நன்மைகள் நகரங்களிலும் மிசன் பாடசாலைகள் உள்ள ஊர்களிலும் வாழ்ந்த குடும்பங்களையே சேர்ந்தன. மலைத் தோட்டங்களில் வாழ்ந்தோரை அவை எட்டவில்லை.

ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது 1886ஆம் ஆண்டிலாகும். கோப்பி நோயுற்று அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை கைப்பற்றிய காலம் அது. பதுளை வரை புகையிரதம் ஓடத் தொடங்கியது 1924ஆம் ஆண்டில். அதற்கு முன் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இம்மலைகளுக்கு வந்தோர் நெடுந்தூரம் கால்நடையாகவே வந்தனர்.

அங்கே தலைமை என்பது மேலிருந்து கீழிறங்கும் படிக்கட்டாக அமைந்திருந்தது. உச்சியில் துரை. அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளையும் பெரிய கங்காணியும். அவர்களுக்கும் கீழே சில்லறைக் கங்காணிமார். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த பெரிய கங்காணி, தன் கூட்டத்தாரின் கடன் கணக்கைத் தானே வைத்திருந்தான். வேலைக்கு வரும் ஆளின் தொகைக்கேற்பத் தலைக்காசும் பெற்றான். தொழிலாளரைக் கடனில் கட்டிவைத்த ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கொழுந்து பறிப்போர் பெண்களாயிருந்தும், அவர்களை மேற்பார்த்த கங்காணி ஆணாகவே இருந்தான். விடியற்காலைப் பெரட்டில் தொடங்கி மாலைக் கொழுந்து நிறுவை வரை, அவள் பிறர் சொற் கேட்பவளாகவே இருந்தாள்.

தோட்டப் பேச்சிலே ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலையும் அதற்குரிய கூலியும் சேர்ந்தே ஒரு ‘பேர்’ எனப்படும். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ என்று எழுதப்படும். பெண்ணொருத்தியின் பெயர் பொதுவிடத்தில் பதிவுபெற்றது பெரும்பாலும் இந்தச் செக்ரோலிலேதான். இன்று மேடையேறித் தன் பெயரைத் தானே சொல்லும் மாணவியின் பாட்டியும் பூட்டியும் இவ்வாறே எழுதப்பட்டவர்கள்.

தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டுமென்று சட்டம் முதன்முதல் கூறியது 1907ஆம் ஆண்டில். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையை அது தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திற்று. கடமை ஏட்டில் இருந்ததேயன்றி, நடைமுறையில் ஒரே மண்டபமும் ஒரே ஆசிரியருமே பல தோட்டங்களிற் கிடைத்தவை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கு முன்பே, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளைகள் லயத்தில் நிறுத்தப்பட்டனர். 1945ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் மலர்ந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் அந்நீரோட்டத்துக்குப் புறம்பாகவே நின்றன. பாலர் வகுப்புக்கு மேல் இல்லாத பாடசாலையில் மாணவத் தலைவி எங்கிருந்து தோன்றுவாள்?

பள்ளிக்கு வெளியே பெண்களின் குரல் முற்றாக அடங்கியிருந்ததென்று கொள்வது பிழையாகும். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, பாட்டியற்றிக் கூட்டங்களிற் பாடித் தோட்ட மக்களைத் திரட்டினார். 1931ஆம் ஆண்டில் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பதுளைப் பகுதியிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் 1940ஆம் ஆண்டில் நடந்த வேலைநிறுத்தம் வேறொரு படிப்பினையைத் தந்தது. தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த சபையொன்றை அமைக்க, அச்சபையைக் கலந்தே கருமம் ஆற்றுவதாகத் தோட்டத்துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கங்காணி குலவழி வந்த தலைவன். சபையோ மக்கள் பொறுக்கியெடுத்த தலைமை. ஊவா மலைகளில் இரண்டாவது வகைத் தலைமைக்கு அது தொடக்கமாகும்.

அத்தொடக்கம் வளரவிடப்படவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்த் தீர்மானிக்க விடப்பட்டது. பெட்டி படுக்கையுடன் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புகையிரதமேறிய நாள்களில், வகுப்பிலே பக்கத்தில் இருந்த பிள்ளை அடுத்த தவணைக்கு வருமா என்பதே ஐயமாயிருந்தது. தன் நாடு எதுவென்று துணிந்து சொல்ல இயலாத சிறுமி, தன் நோக்கம் இதுவென்று எவ்வாறு சொல்வாள்? எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேயே.

1975ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின், 1970களின் பிற்பகுதி தொடக்கம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இலவசப் பாடநூல் 1980ஆம் ஆண்டிலும், சீருடைத் துணி 1993ஆம் ஆண்டிலும் நாடு முழுவதும் வழங்கத் தொடங்கப்பட்டன. 1984ஆம் ஆண்டில் தோட்டங்களிலே பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி என்றாயிற்று. பதுளையிலேயே 2005ஆம் ஆண்டில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அமைந்தது. லயத்தில் பிறந்த பெண்பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை வந்தனர். ஆசிரியைகளாகத் திரும்பி வந்தோரும் பலர். மேல்வகுப்பில் மாணவியர் தொகை பெருகிய பின்னரே, அவர்களுள் தலைவியரைத் தெரியும் வாய்ப்பும் உண்டாயிற்று.

இக்காலத்தில் பாடசாலைகளிலே மாணவர் பாராளுமன்றமும் அமைக்கப்படுகிறது. பொதுத்தேர்தலைப் போன்றே வாக்குச்சீட்டு இட்டு உறுப்பினரைத் தெரிந்து, சபாநாயகர், பிரதமர், அமைச்சர் என்று பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். வாக்கிழந்த பாட்டியின் பேர்த்தி பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வாக்குப்பெட்டியின் முன் நிற்கிறாள். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பொதுத்தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். மலையகத் தமிழ்ப் பெண்கள் தேர்தலில் வென்று அச்சபையிற் புகுந்தது அதுவே முதன்முறை. சர்வசன வாக்குரிமை வந்து 93 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்வளவு அரிதில் வந்த வாய்ப்பைப் பாடசாலைகள் எவ்வாறு பயன்படுத்துகின்றன என்பது சிந்திக்கத்தக்கது. மாணவத் தலைவி முதல் மணி ஒலிக்குமுன் வாயிலில் நிற்கவேண்டும். மாலையில் மன்றக் கூட்டம் முடியும்வரை இருக்கவேண்டும். நகரில் வாழும் பிள்ளைக்கு இஃது எளிது. ஸ்பிரிங்வெளியிலிருந்தோ தெமோதரையிலிருந்தோ தோட்டப் பாதையில் நடந்து வந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு, மழைக்காலத்தில் வகுப்புக்கு நேரத்தோடு வருவதே பெரும்பாடு. நேரந் தவறாமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், திறமையிருந்தும் அவள் பின்தள்ளப்படுவாள். பிந்தி வருவோரின் பெயரை எழுதுவதே தலைவியின் முதன்மைக் கடமையாகிவிடின், தூரத்துத் தோட்டப் பிள்ளைகளின் பெயர்களே அவ்வேட்டை நிறைக்கும். பெரட்டுக் களத்துக் கங்காணியின் வேலையைச் சீருடை அணிந்த சிறுமி செய்வதாக அது முடியும்.

மற்றுமொன்று. மேடையில் வைத்தியராவேன் என்று கூறிய மாணவிக்கு விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் உண்டா? விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை மலையகப் பாடசாலைகளின் நெடுநாட் குறை. சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, கொழும்பிலே ஆடைத் தொழிற்சாலைக்கோ கடைக்கோ செல்லும் பெண்பிள்ளைகள் இன்றும் உளர். அவர்களுள்ளும் ஒரு காலத்தில் மேடையேறித் தம் நோக்கத்தைச் சொன்னவர்கள் இருப்பர். பிள்ளை நோக்கத்தைச் சொல்லும்போது கைதட்டும் சபை, அதற்குச் சாட்சியாகிறது. சாட்சிக்கும் கடமையுண்டு.

செய்யத்தக்கவை அரியன அல்ல. மாணவியர் கூறும் நோக்கங்களைப் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். ஆண்டிறுதியில் அதே மேடைக்கு அவர்களை அழைத்து, செய்தது எவ்வளவு, செய்ய இயலாதது எதனால் என்று சொல்லச் செய்யலாம். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருவோர்க்கு ஏற்றவாறு கடமை நேரத்தைப் பகுத்து, ஒவ்வொரு பேருந்து வழிக்கும் ஒரு தலைவியை நியமித்தால், வழியில் வரும் சிறு பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பாகும். பெற்றோர் ஒருநாட் பேரை இழந்து வைபவத்துக்கு வருதல் அரிதாகலின், விழாவை வேலையில்லாத நாளில் வைத்தால், தாய்மாரும் தந்தையரும் அவையில் அமர்ந்து தம் மகள் பேசுவதைக் கேட்பர்.