ராஜா அண்ணாமலை மன்றம்

ராஜா அண்ணாமலை மன்றம் என்பது சென்னை பாரிமுனைப் பகுதியில், உயர் நீதிமன்றத்திற்கு அருகில் அமைந்துள்ள இசையரங்கம் ஆகும். 1952 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்வரங்கத்தைத் தமிழ் இசைச் சங்கம் நடத்தி வருகிறது. தமிழிசை இயக்கத்தின் முன்னோடியான ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் நினைவாக இதற்குப் பெயரிடப்பட்டது. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடலுக்கு உரிய இடம் எது என்ற விவாதத்தின் விளைவாக எழுந்த கட்டடம் என்பதே இதன் தனிச்சிறப்பு.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இசைக்கென்றே கட்டப்பட்ட அரங்கங்கள் அரிது. கூட்டங்களுக்கும் நாடகங்களுக்கும் கட்டப்பட்ட பொது மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள், தற்காலிகப் பந்தல்கள் ஆகியவற்றில்தான் கச்சேரிகள் நடந்தன. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடைபெற்றபோது அதனுடன் இணைந்து அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928 இல் மியூசிக் அகாதமி தோன்றியது. இன்று 'மார்கழி இசை விழா' என வழங்கும் டிசம்பர்க் கச்சேரிப் பருவத்திற்கு வித்திட்டது இந்நிகழ்வே.

அக்காலக் கச்சேரிகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே. கருநாடக இசையின் மும்மூர்த்திகளான தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். ஆயினும் தியாகராசரும் சியாமா சாஸ்திரியும் பெரும்பாலும் தெலுங்கிலும், தீட்சிதர் பெரும்பாலும் வடமொழியிலும் பாடல்கள் இயற்றினர். இவர்களுக்கு முன்பே முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்னும் சீர்காழி மூவர் தமிழில் கீர்த்தனைகள் இயற்றியிருந்தனர். தேவாரமும் திருவாய்மொழியும் அவற்றுக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவை. எனினும் கச்சேரியில் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில், 'துக்கடா' எனப்படும் சிறு உருப்படிகளின் வரிசையிலேயே இடம்பெற்றன. இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றுடன் விரிவாகப் பாடப்படும் முதன்மைப் பாடலாகத் தமிழ்ப் பாடல் அமைவது குறைவாக இருந்தது.

தமிழிசை இயக்கம்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியார் (1881–1948) இந்நிலையை மாற்ற முற்பட்டார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டப்பட்டது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் முதன்மை இடம் பெற வேண்டும் என்பதே அதன் மையக் கோரிக்கை. மேடைக்கு வேண்டிய பாடல்கள் கைக்கெட்டும் வகையில், தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் அச்சிடும் பணியைப் பல்கலைக்கழகம் மேற்கொண்டது. இராஜாஜி, ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், எழுத்தாளர் கல்கி, ஆர். கே. சண்முகம் செட்டியார் முதலியோர் இயக்கத்திற்குத் துணை நின்றனர்.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. இசையில் தரமே அளவுகோலாக இருக்க வேண்டும், மொழியைக் காரணம் காட்டி அத்தரம் குறையக் கூடாது என்பது மியூசிக் அகாதமியின் நிலைப்பாடு. இசைக்கு மொழி தேவையில்லை என்று சிலர் வாதிட்டனர். அவ்வாறாயின் தமிழைக் கடைசிக்குத் தள்ளுவானேன் என்று தமிழிசையாளர்கள் திருப்பிக் கேட்டனர். பாடலின் பொருள் புரிந்தால்தான் பாடுபவரின் உணர்ச்சி கேட்பவரைச் சென்றடையும் என்பது அவர்களின் வாதம். பிற மொழிப் பாடல்களை அறவே விலக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கமன்று. வரிசையில் தமிழுக்கு உரிய இடத்தையே அவர்கள் கேட்டனர்.

சங்கமும் மன்றமும்

1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆர். கே. சண்முகம் செட்டியார் அதன் தலைவரானார். அவ்வாண்டு டிசம்பரில் சங்கத்தின் முதல் இசை விழா, ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருவிலுள்ள செயிண்ட் மேரி மண்டபத்தில் நடைபெற்றது. அதன் பின் டிசம்பர்ப் பருவத்தில் அகாதமியின் விழாவும் சங்கத்தின் விழாவும் ஒரே நகரில் தனித்தனியே நடக்கலாயின.

இரவல் மண்டபத்தில் நடக்கும் விழா, மண்டபம் கிடைக்கும் நாளை நம்பியே இருக்கும். ஆண்டு முழுவதும் பயிற்சியும் ஆய்வும் நடக்க வேண்டுமானால் சொந்த இடம் வேண்டும். அண்ணாமலை செட்டியார் 1948 ஜூனில் காலமானார். தம் பெயர் தாங்கிய அரங்கை அவர் பார்க்கவில்லை. அவர் மகன் ராஜா சர் முத்தையா செட்டியார் அப்பணியைத் தொடர, 1952 இல் மன்றம் திறக்கப்பட்டது. மியூசிக் அகாதமியின் சொந்த அரங்கிற்கு 1955 இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அது 1962 இல் மைசூர் மகாராசா ஜெயசாமராஜ உடையாரால் திறந்து வைக்கப்பட்டது. அதாவது, பதினைந்து ஆண்டுகள் பிந்தித் தோன்றிய தமிழ் இசைச் சங்கம், பத்தாண்டுகள் முன்னதாகவே நிலையான அரங்கைப் பெற்றுவிட்டது.

பண் ஆராய்ச்சி

இசை விழாவுடன் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களையும் சங்கம் நடத்தி வருகிறது. தேவாரப் பண்கள் இன்றைய எந்த இராகங்களுக்கு நிகரானவை என்பதை ஓதுவார்களும் இசை வல்லுநர்களும் தமிழறிஞர்களும் ஒன்றுகூடி ஆராய்வது இக்கூட்டங்களின் நோக்கம். தக்கேசி காம்போதி இராகத்திலும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியிலும், புறநீர்மை பூபாளத்திலும் இன்று பாடப்படுகின்றன. கோயில் வழக்கில் வாழ்ந்த ஓதுவார் மரபைக் கச்சேரி வித்துவான்களின் முன் ஆய்வுக்குரிய இசையாக வைத்தது இக்கூட்டங்களின் முக்கியப் பங்களிப்பு. இசைக் கலைஞர்களுக்கு 'இசைப்பேரறிஞர்' என்னும் பட்டத்தையும் சங்கம் வழங்குகிறது. தமிழ் இசைக் கல்லூரி ஒன்றையும் நடத்துகிறது. மன்றக் கட்டடத்தில் இசைக்கருவிகளின் காட்சியகமும் உள்ளது.

இடமும் மாற்றமும்

மன்றம் கட்டப்பட்ட காலத்தில் ஜார்ஜ் டவுன் நகரின் வணிக மையமாக இருந்தது. பின்னர் ரசிகர்களும் சபாக்களும் மயிலாப்பூர், தியாகராய நகர் எனத் தெற்கே பெருகியதால், டிசம்பர் விழாவின் நெரிசல் அப்பக்கம் நகர்ந்தது. மாலையில் அலுவலகங்களும் நீதிமன்றமும் மூடியபின் பாரிமுனைப் பகுதி அடங்கிவிடுவதும் மன்றத்திற்கு ஒரு குறையே. எனினும் புறநகர் ரசிகர்களுக்கு இவ்விடம் எட்டாததன்று. செங்கல்பட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், தாம்பரம் வழியாக வரும் மின்தொடர் வண்டி கோட்டை, கடற்கரை நிலையங்களைச் சென்றடைகிறது. இரண்டிலிருந்தும் மன்றத்திற்கு நடந்தே செல்லலாம்.

மதிப்பீடு

இன்று தமிழ்ப் பாடல் எல்லாச் சபாக்களிலும் ஒலிக்கிறது. பாபநாசம் சிவன், கோபாலகிருஷ்ண பாரதியார் முதலியோரின் பாடல்கள் கச்சேரியின் நடுப்பகுதியிலும் விரிவாகப் பாடப்படுகின்றன. 1941 இல் கேட்கப்பட்டது முழுமையாக நிறைவேறிவிட்டது என்று சொல்ல இயலாது. பல கச்சேரிகளில் முதன்மை உருப்படி இன்னும் தெலுங்காகவோ வடமொழியாகவோதான் உள்ளது. ஆனால் தமிழில் கனமான கச்சேரி செய்ய இயலுமா என்ற ஐயம் இன்று எழுவதில்லை. அந்த ஐயத்தை வாதத்தால் மட்டுமன்றி, ஆண்டுதோறும் மேடையேற்றிய கச்சேரிகளாலும் நீக்கியதில் ராஜா அண்ணாமலை மன்றத்திற்குப் பெரும் பங்கு உண்டு.