பாதி உலகம் எங்கே போனது?

பாரிமுனைப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு அரண்மனைக்காரன் தெரு தெரிந்திருக்கும். அரண்மனையைத் தேடினால் கிடைக்காது. அது ஆர்மீனிய வணிகர்கள் வாழ்ந்த தெரு. 'ஆர்மீனியன்' என்ற சொல் நம் ஊர் வாயில் புகுந்து 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. 1772-இல் கட்டிய அவர்களுடைய தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது.

அந்த வணிகர்களில் பலருக்குச் சொந்த ஊர் ஈரானில் உள்ள இஸ்ஃபஹான். அந்த ஊரைப் பாரசீகர்கள் 'பாதி உலகம்' என்று சொல்வார்கள். உலகத்தில் மற்ற ஊர்கள் எல்லாம் சேர்ந்தால்தான் இந்த ஓர் ஊருக்கு ஈடாகும் என்ற பெருமை அவர்களுக்கு. அப்படி நூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகராகக் கொடிகட்டிப் பறந்த ஊர், 1722-இல் சில மாத முற்றுகையில் பட்டினியால் பணிந்தது. அது எப்படி என்பதுதான் இந்த இதழின் கதை.

சிவப்புத் தொப்பிப் படை

16-ஆம் நூற்றாண்டில் மூன்று பெரிய இஸ்லாமியப் பேரரசுகள் அடுத்தடுத்து இருந்தன. மேற்கே துருக்கியில் ஒட்டோமான்கள், கிழக்கே இந்தியாவில் முகலாயர்கள், நடுவே ஈரானில் சஃபாவியர்கள். முகலாயர்களைப் பற்றிப் பள்ளியில் மனப்பாடமே செய்திருப்போம். சஃபாவியர்கள் நம் பாடப்புத்தகத்தில் எட்டிப்பார்த்ததோடு சரி.

1501-இல் தப்ரீஸ் நகரில் இஸ்மாயில் முடிசூடியபோது அவருக்குச் சுமார் 14 வயது. அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் துருக்மேனியப் பழங்குடி வீரர்கள். பன்னிரண்டு இமாம்களைக் குறிக்கும் பன்னிரண்டு மடிப்புச் சிவப்புத் தொப்பி அணிந்ததால் அவர்களுக்குக் 'கிசில்பாஷ்', அதாவது செந்தலையர் என்று பெயர். இஸ்மாயில் அவர்களுக்கு மன்னர் மட்டுமல்ல, குருவும் கூட. அவர்தான் ஷியா பிரிவை அரசு மதமாக அறிவித்தார். இன்றைய ஈரான் ஷியா நாடாக இருப்பதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

தங்கள் குருவை யாராலும் தோற்கடிக்க முடியாது என்று அந்த வீரர்கள் நம்பினார்கள். 1514-இல் சால்திரான் போர்க்களத்தில் ஒட்டோமான் சுல்தான் செலிமின் பீரங்கிகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன.

இஸ்மாயிலின் மகன் தஹ்மாஸ்ப் 1524 முதல் 1576 வரை, 52 ஆண்டுகள் ஆண்டார். இந்தியாவில் ஆட்சியை இழந்து ஓடிய ஹுமாயூனுக்கு 1544-இல் அடைக்கலம் கொடுத்தவர் இவர்தான். இவர் அவையிலிருந்த மீர் சையது அலி, அப்துஸ் சமத் என்ற இரண்டு ஓவியர்கள் பின்னர் ஹுமாயூனிடம் வந்து சேர்ந்தார்கள். நாம் அருங்காட்சியகங்களில் வியந்து பார்க்கும் முகலாயச் சிற்றோவியங்களுக்கு அவர்கள் வழியே ஒரு வேர் ஈரானில் இருக்கிறது.

அப்பாஸ் கட்டிய தலைநகர்

இந்த வம்சத்தின் பெரிய பெயர் முதலாம் ஷா அப்பாஸ். அவர் இளைஞராகப் பட்டத்துக்கு வந்தபோது கிசில்பாஷ் தலைவர்கள்தான் மன்னர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நம்பியிருக்க அவர் தயாராக இல்லை. ஜார்ஜியா, ஆர்மீனியா, சர்க்காசியா பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, மதம் மாறி, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு, தனக்கு மட்டுமே கட்டுப்பட்ட ஒரு படையை வளர்த்தார். அவர்களுக்குக் 'குலாம்'கள் என்று பெயர். சம்பளம் வேண்டுமே? பழங்குடித் தலைவர்கள் ஆண்ட மாகாணங்கள் சிலவற்றைத் தன் நேரடி நிலமாக்கி, வருவாயைத் தன் கருவூலத்துக்குத் திருப்பினார்.

1598-இல் தலைநகரை இஸ்ஃபஹானுக்கு மாற்றினார். ஊர் நடுவே ஒரு மைதானம். நீளம் சுமார் 560 மீட்டர், அகலம் சுமார் 160 மீட்டர். தெற்கே நீல ஓடுகள் பதித்த பெரிய பள்ளிவாசல். கிழக்கே மினாரும் முற்றமும் இல்லாத சிறிய ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல். மேற்கே அரண்மனை வாசலான அலி காப்பு. வடக்கே கடைவீதியின் வாயில். தொழுகை, ஆட்சி, வணிகம் மூன்றும் ஒரே மைதானத்தைப் பார்த்து நின்றன. நடுவில் போலோ நடக்கும். மன்னர் அலி காப்பு மாடத்திலிருந்து பார்ப்பார். அந்தப் போலோ ஆட்டத்தின் கல் தூண்கள் இன்னும் நிற்கின்றன. ஆற்றின் மேலுள்ள 33 வளைவுப் பாலம் தளபதி அல்லாவர்தி கான் பெயரைத் தாங்கியது. அவரும் ஜார்ஜியாவிலிருந்து வந்த குலாம்தான்.

இந்த அழகுக்குப் பின்னால் கண்ணீரும் உண்டு. ஒட்டோமான்களுடன் நடந்த போரின்போது, அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜூல்ஃபா என்ற ஆர்மீனிய ஊரை அப்பாஸ் 1604-05-இல் காலி செய்ய வைத்தார். ஊர் அழிக்கப்பட்டது, வழியில் பலர் மாண்டார்கள். தப்பி வந்தவர்களுக்கு இஸ்ஃபஹானில் ஆற்றின் தென்கரையில் புது ஜூல்ஃபா என்ற குடியிருப்பு கிடைத்தது. அங்கே சொந்தத் தேவாலயங்கள் கட்டிக்கொள்ளவும் பட்டு வணிகம் செய்யவும் அனுமதி இருந்தது. ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை அவர்கள் வணிக வலை விரிந்தது. நம் மதராஸும் அதில் ஒரு கண்ணி.

அடுத்தது யார்?

இவ்வளவு கட்டிய மனிதர் ஒன்றை மட்டும் கட்டவில்லை: தனக்குப் பின் ஆள ஒருவரை. மகன்கள் தன்னைக் கவிழ்த்துவிடுவார்களோ என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. 1615-இல் மூத்த மகன் சஃபி மிர்ஸாவைக் கொல்ல வைத்தார். வேறு இரண்டு மகன்களின் பார்வையைப் பறித்தார். 1629-இல் அவர் இறந்தபோது பேரன்தான் பட்டத்துக்கு வந்தார். முன்பெல்லாம் இளவரசர்கள் சிறு வயதிலேயே மாகாணங்களுக்குப் போய் நிர்வாகம் பழகுவார்கள். இனி அவர்கள் அந்தப்புரச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்தார்கள்.

இந்தச் சிக்கல் மூன்று பேரரசுகளுக்கும் இருந்தது. ஒட்டோமான் சுல்தான் மூன்றாம் மெஹ்மத் 1595-இல் பட்டமேறியதும் 19 சகோதரர்களைக் கொன்றார். பின்னால் வந்தவர்கள் கொல்வதற்குப் பதில் அறைக்குள் அடைத்து வைத்தார்கள். முகலாயர்கள் வாளிடம் விட்டுவிட்டார்கள். ஔரங்கசீப் வந்த வழி நமக்குத் தெரியும். 1719 என்ற ஒரே ஆண்டில் டெல்லி அரியணையில் நான்கு பேரைப் பார்க்க முடிந்தது.

ஈரானில் இன்னொரு கரையானும் சேர்ந்தது. 1639-இல் ஒட்டோமான்களுடன் சமாதானம் ஏற்பட்டது. போர் இல்லாதபோது படை எதற்கு என்ற எண்ணத்தில் அப்பாஸுக்குப் பின் வந்தவர்கள் மேலும் பல மாகாணங்களை நேரடி நிலமாக்கினார்கள். அங்கே அனுப்பப்பட்ட அதிகாரிகள் இருக்கும்வரை கறந்துகொள்ளப் பார்த்தார்கள். கருவூலத்துக்குப் பணம் வந்தது. எல்லையைக் காக்க ஆள் குறைந்தது.

1694-இல் பட்டமேறிய சுல்தான் ஹுசைன் மென்மையானவர், பக்திமான். யார் எதைச் சொன்னாலும் 'நல்லது' என்பாராம், அதுவே பட்டப்பெயராகிவிட்டது. அவர் காலத்தில் கட்டிய சஹார் பாக் மதரஸாவின் ஓடு வேலைப்பாடு இன்றும் கண்ணைப் பறிக்கும். பார்க்கிறவருக்கு நாடு நன்றாக இருப்பதாகவே தோன்றியிருக்கும்.

காந்தஹாரில் ஆளுநரின் கொடுமையும் சன்னி மக்கள் மீதான மத நெருக்கடியும் சேர்ந்து 1709-இல் மீர்வைஸ் தலைமையில் கலகம் வெடித்தது. அவர் மகன் மஹ்மூத் 1722 மார்ச்சில் குல்னாபாதில் தன்னைவிடப் பெரிய சஃபாவியப் படையை முறியடித்து இஸ்ஃபஹானை வளைத்தார். அக்டோபர் வரை முற்றுகை. வாளால் செத்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் செத்தவர்கள் மிக அதிகம். கடைசியில் சுல்தான் ஹுசைன் ஆப்கானிய முகாமுக்குப் போய், தன் கையாலேயே மஹ்மூதுக்கு முடிசூட்டினார்.

சைதாப்பேட்டையில் ஒரு கல்

புது ஜூல்ஃபாவைச் சேர்ந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற வணிகர் மதராஸில் குடியேறியிருந்தார். இஸ்ஃபஹான் விழுந்த நான்காம் ஆண்டு, 1726-இல், அவர் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே சொந்தச் செலவில் ஒரு பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன். அதோடு நிற்கவில்லை, பாலத்தின் பராமரிப்புக்கென்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கி வைத்தார். அந்த இரண்டாவது தொகையின் அருமை அடுக்ககவாசிகளான நமக்கு நன்றாகவே தெரியும்!

அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை. அதே இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் அருகில் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பாதி உலகத்தைக் கட்டிய மன்னர் செய்ய மறந்ததை, அந்த ஊரிலிருந்து வந்த வணிகர் ஒருவர் நம் ஊர்ப் பாலத்துக்குச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.