யப்பானிய வாட்பயிற்சியும் வர்க்க உரிமையும்

யப்பானிய வாட்கலையைச் சாமுராய் ஆன்மாவின் காலங்கடந்த வெளிப்பாடாகக் காண்பது வரலாற்று நோக்காகாது. 1588இல் ஹிதெயோஷி உழவரிடமிருந்து வாள்களைப் பறித்தமை, ஆயுதம் தாங்குதலை வர்க்க உரிமையாக்கும் முயற்சியே. ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டில் மூங்கில்வாளும் காப்பணிகளும் செம்மையுற்றதும் உயிராபத்தின்றிப் பயில்தல் இயல்வதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாமாப் பகுதியின் வசதிபடைத்த உழவரும் ஓய்வுவேளைகளில் வாள் பயின்றனர். பின்னாளிற் புகழ்பெற்ற கொண்டோ இசாமி (1834–1868) அத்தகைய குடும்பத்தவரே. வர்க்க வேலியைச் சட்டத்துக்கு முன்னரே பொழுதுபோக்குத் தளர்த்தியமை மனங்கொளத்தக்கது.

1876இல் வாளணிதல் தடைசெய்யப்பட்டதோடு சாமுராய்த் தனியுரிமை சட்டப்படி ஒழிந்தது. எனினும், புதிய அரசு அக்கலையைத் தன்வயமாக்கத் தவறவில்லை. 1895இல் கியோட்டோவிலே டாய் நிப்பொன் புத்தொகுகாய் என்னும் போர்க்கலைச் சங்கம் தோன்றிற்று. 1911இல் வாட்பயிற்சி இடைநிலைப் பாடசாலைகளுட் புகுந்தது. 1930களில் அது ஆக்கிரமிப்புப் போர்களுக்கான மனப்பயிற்சியாயிற்று. 1945இன் தோல்விக்குப் பின்னர் நேசநாட்டு நிர்வாகம் அதனைப் பாடசாலைகளிலிருந்து அகற்றியது. 1946இல் அச்சங்கமும் கலைக்கப்பட்டது. 1952இல் அகில யப்பான் கெண்டோ சம்மேளனம் உருவானபோது வாட்கலை விளையாட்டாக மீண்டது.

1975இல் அச்சம்மேளனம், மனிதப் பண்பை உருவாக்குதலே கெண்டோவின் நெறியென வகுத்தது. அப்பண்பு எவர் நலனுக்கானது என்பதே வரலாறு எழுப்பும் வினாவாகும். உழைப்போர் ஓய்வுவேளையிற் பயிலும் கலையை நாம் இகழவேண்டியதில்லை. அதனைச் சூழப் புனையப்பட்ட ஆளும் வர்க்கப் பழம்பெருமையையே கேள்விக்குட்படுத்துதல் வேண்டும்.