இணைய முகவரியும் சரிபார்ப்புத் தொகையும்: பொறியாளர்களின் நெடுநாள் வழக்கு

பள்ளிக் கணினிக் கூடத்தில் உள்ள ஒரு கணினியின் இணைய முகவரியைத் தேடிப் பார்த்தால், 192.168 என்று தொடங்கும் ஓர் எண் பெரும்பாலும் தென்படும். உலகில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி முகவரி உண்டு என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை விளக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, எங்கள் வீட்டுக் கணினியிலும் இதே எண்தானே இருக்கிறது?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. அதற்கு விடை காணப் புகுந்தால், வலையமைப்புப் பொறியாளர்கள் 1970களில் தொடங்கிய ஒரு வழக்கிற்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

1977இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையில் இணையத் திட்டத்தைக் கவனித்து வந்தவர் வின்ட் செர்ஃப். முகவரியின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் நெடுநாள் வாதிட்டனர். 32 பிட் போதும் என்றனர் சிலர். 128 பிட் வேண்டும் என்றனர் வேறு சிலர். தேவைக்கேற்ப நீளும் முகவரியே சிறந்தது என்றது மூன்றாம் அணி. நீளம் மாறிக்கொண்டே இருந்தால், பொட்டலத்தின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று கண்டறிவதிலேயே கணினியின் நேரம் வீணாகும் என்று நிரலர்கள் மறுத்தனர். முடிவில் செர்ஃப் 32 பிட் என்று தீர்ப்பளித்தார். கிடைத்தவை 4,294,967,296 முகவரிகள். ஒரு சோதனைக்கு இதுவே மிகுதி என்று தாம் கருதியதாகவும், அந்தச் சோதனை முடிவடையாமலே உலகெங்கும் பரவிவிட்டதாகவும் அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அன்றைய கணினிகளின் விலையையும் எண்ணிக்கையையும் நோக்கினால், அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அதே காலத்தில் மற்றொரு வாதமும் நடந்தது. அனுப்பிய தரவு சிதையாமல் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது? வழியில் உள்ள ஒவ்வொரு நிலையமா, இரு முனைகளில் உள்ள கணினிகளா?

இவ்வழக்கில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் சான்று எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் நிகழ்ந்தது. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவரும் 1984இல் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில் அதனை விவரித்துள்ளனர். அங்குப் பல சிறு வலையமைப்புகள் இடைக்கணினிகளால் இணைக்கப்பட்டிருந்தன. ஓர் இடைக்கணினியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போதெல்லாம் தரவு சரிபார்க்கப்பட்டது. ஆகவே, வலையமைப்பு நம்பத்தக்கது என்று நிரலர்கள் எண்ணிவிட்டனர். ஆனால், ஓர் இடைக்கணினியின் நினைவகத்திற்குள், உள்வரும் பகுதியிலிருந்து வெளிச்செல்லும் பகுதிக்குப் படியெடுக்கும்போது, ஏறத்தாழ 10 லட்சம் பைட்டுகளுக்கு ஒருமுறை இரண்டு பைட்டுகள் இடம் மாறிக்கொண்டிருந்தன. கம்பியில் செல்லும்போது காவல் இருந்தது. நிலையத்தில் தங்கும்போது காவல் இல்லை. ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் பல அந்தப் பழுதுபட்ட கணினி வழியே திரும்பத் திரும்பச் சென்று கெட்டுப்போயின. அவற்றின் உரிமையாளர்கள் பழைய அச்சுப்படிகளை எடுத்து வைத்துக்கொண்டு, வரி வரியாக ஒப்பிட்டுத் திருத்த நேர்ந்தது. நடுவில் எத்தனை சோதனை இருந்தாலும் கடைசிச் சோதனை முனைகளில்தான் நடக்க வேண்டும் என்று அம்மூவரும் வாதிட்டதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா?

முனைகளில் நடக்கும் அந்தச் சோதனையின் பெயர் சரிபார்ப்புத் தொகை. ஆசிரியர்களுக்கு இது புதியதன்று. மதிப்பெண் பட்டியலைப் படியெடுத்தபின், அடியில் உள்ள கூட்டுத்தொகை இரு பட்டியலிலும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதுவேதான். தரவை 16 பிட் துண்டுகளாக்கிக் கூட்டி, தொகையைப் பொட்டலத்திலேயே எழுதி அனுப்புவர். விரைவாகக் கணிக்கலாம் என்பது இதன் சிறப்பு. இரு மாணவர்களின் மதிப்பெண்கள் தமக்குள் இடம் மாறினாலும் மொத்தத் தொகை மாறாது என்பது இதன் குறை. 2000ஆம் ஆண்டில் ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்னும் இருவர் உண்மையான இணையப் போக்குவரத்தை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. 1,100 பொட்டலங்களுக்கு ஒன்று முதல் 32,000க்கு ஒன்று வரை இச்சோதனையில் தவறின. இத்தனைக்கும் அவை கம்பிவழிச் சோதனைகளைக் கடந்து வந்தவை. 1 கோடியே 60 லட்சம் பொட்டலங்களுக்கு ஒன்று முதல் 1,000 கோடிக்கு ஒன்று வரை, இந்தச் சோதனைக்கும் தப்பிவிடக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

இனி, முகவரியும் சரிபார்ப்பும் மோதிக்கொண்ட இடத்திற்கு வருவோம். தவறான முகவரிக்குச் சென்று சேரும் பொட்டலத்தையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று கருதி, அனுப்புநர், பெறுநர் இருவரின் முகவரிகளையும் அந்தக் கூட்டலில் சேர்த்திருந்தனர். முகவரி மாறினால் தொகை பொருந்தாது.

1990களின் தொடக்கத்தில் முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. ஒரு நிறுவனத்திற்குள் மட்டும் வழங்கும் தனியார் முகவரிகளை ஒதுக்கலாம் என்று 1994 மார்ச்சில் ஓர் ஆவணம் வெளியானது. 10, 172.16, 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவ்வாறு பிறந்தவையே. ஒரே எண் பல இடங்களில் வழங்கினால் முகவரியின் தனித்தன்மை என்னாவது என்று கேட்டு, அதே ஆண்டு ஜூலையில் எதிர்ப்பு ஆவணம் ஒன்று வந்தது. அதை எழுதியோருள் எலியட் லியர் ஒருவர். 1996இல் திருத்தப்பட்ட ஒதுக்கீட்டு ஆவணம் வெளிவந்தபோது, ஆசிரியர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது! எதிர்த்தவரையும் உடன் அமர்த்தி எழுதிய இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தனியார் முகவரி வெளியுலகில் செல்லாது. ஆகவே, வாயிலில் நிற்கும் பெட்டி பொட்டலத்தின் முகவரியை அழித்து, வேறு முகவரியை எழுதி அனுப்பும். இந்த முகவரி மாற்று முறையை விளக்கி 1994 மே மாதம் எழுதிய எகேவாங், பிரான்சிஸ் இருவருமே இது குறுகிய காலத் தீர்வு என்றும், இதன் குறைகள் பல என்றும் ஒப்புக்கொண்டனர். அக்குறைகள் யாவை? முகவரி மாறினால் சரிபார்ப்புத் தொகை பொய்யாகும். எனவே, பெட்டி அத்தொகையையும் திருத்தி எழுத வேண்டும். காவலுக்கு வைத்த பூட்டிற்கு வழியில் உள்ளவன் மாற்றுச் சாவி செய்துகொண்டான் என்றே சொல்ல வேண்டும். கோப்புப் பரிமாற்ற நெறிமுறையோ முகவரியைத் தரவின் உள்ளேயே எழுத்து வடிவில் அனுப்புகிறது. அங்கே தரவையே திருத்த வேண்டும்; எழுத்துகளின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும், பின்வரும் பைட்டுகளின் வரிசை எண்களையெல்லாம் மாற்ற வேண்டும். முகவரிக்கும் சேர்த்து மறைமுத்திரை இடும் பாதுகாப்பு முறை ஒன்று 1995இல் வகுக்கப்பட்டிருந்தது. அதற்கு மாற்றுச் சாவி செய்ய இயலாது. ஆகவே, இத்தகைய பெட்டிகளைக் கடந்து அது செல்லவே இயலவில்லை.

ஆயினும், மக்கள் பெட்டியையே தேர்ந்தெடுத்தனர். மாணவன் கேட்ட கேள்விக்கு விடையும் அதுதான். 2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொது இருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் இருப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15இல் இறுதித் தொகுதியை எட்டியது.

128 பிட் முகவரி கொண்ட ஆறாம் பதிப்பு 1995இலேயே எழுதப்பட்டுவிட்டது. அதன் தலைப்பகுதியில் சரிபார்ப்புத் தொகை கிடையாது. ஒவ்வொரு நிலையமும் பொட்டலத்தின் ஆயுள் எண்ணை ஒன்று குறைப்பதால், தொகையை ஒவ்வொரு முறையும் மீண்டும் கணிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை தேவையில்லை என்று நீக்கிவிட்டனர். அதற்கு ஈடாக, முன்பு விருப்பத்திற்கு விடப்பட்டிருந்த யு.டி.பி. நெறிமுறையின் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கினர். அந்தக் கட்டாயத்தையும் 2013இல், ஒரு பொட்டலத்திற்குள் மற்றொன்றை வைத்து அனுப்பும் சில பயன்பாடுகளுக்காகத் தளர்த்தினர். அதற்கும் பெரும் வாதம் நடந்தது. தளர்த்தினால் நேரும் இடர்களை விளக்கவே தனி ஆவணம் ஒன்று வெளியிடப்பட்டது.

2021 மே மாதம் வெளிவந்த குவிக் நெறிமுறை வேறு வழியில் சென்றது. இரு கணினிகளுக்கு இடையிலான உரையாடலை அது முகவரியைக் கொண்டு மட்டும் அடையாளம் காண்பதில்லை; தனியே ஓர் இணைப்பு எண்ணை வைத்துக்கொள்கிறது. நடுவில் முகவரி மாறினாலும் உரையாடல் தொடரலாம். உள்ளிருக்கும் தரவு மறையாக்கப்பட்டு முத்திரையுடன் செல்கிறது. வாயிற்பெட்டி வெளியே உள்ள முகவரியை மாற்றி எழுதலாம். உள்ளே ஒரு பைட்டைத் தொட்டாலும், பெறும் கணினி அந்தப் பொட்டலத்தை ஏற்காமல் எறிந்துவிடும்.