சாண்ட்பாக்ஸ் வழுநீக்கம்

சாண்ட்பாக்ஸ் வழுநீக்கம் என்பது, நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்டுகள் இயங்கும் அடைப்புச் சூழலுக்குள் என்ன நடந்தது என்று ஆராய்ந்து, கோளாறின் காரணத்தைக் கண்டறியும் பணி. ஏஜெண்ட் தானே நிரல் எழுதித் தானே ஓட்டிப் பார்க்கிறது. அது தவறான கட்டளை இட்டாலும் பயனரின் கோப்புகளுக்கும் கடவுச்சொற்களுக்கும் கேடு வராதிருக்கவே இந்த அடைப்பு.

அடைப்பு நுட்பங்கள் ஏஜெண்டுகளைவிட மிகப் பழையவை. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் சிஎச்ரூட்டில் தொடங்கி, 2000இல் ஃப்ரீபிஎஸ்டி ஜெயில், 2013இல் டாக்கர், 2018இல் கூகுளின் ஜிவைசர், அமேசானின் ஃபயர்கிராக்கர் என வளர்ந்தன. லினக்ஸில் ஒரு நிரல் எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸும், எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்பதை சிகுரூப்பும், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் எதைக் கேட்கலாம் என்பதை செக்காம்ப்பும் வரையறுக்கின்றன.

முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று: தவறியது நிரலா, தடுத்தது வேலியா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைத்தான் தொகுப்பை நிறுவ முடியவில்லை என்றால் இணையம் மூடப்பட்டிருக்கலாம். நிரல் 137 என்ற வெளியேறு எண்ணுடன் நின்றால், 9ஆம் சிக்னலால் அது கொல்லப்பட்டிருக்கிறது (128+9). பெரும்பாலும் நினைவக வரம்பை மீறியதே காரணம். சிகுரூப்பின் நினைவகப் பதிவுக் கோப்பு அதை உறுதிசெய்யும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் கோப்பு உரிமைகளை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. செக்காம்ப் வடிகட்டி இயங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும். எந்தக் கெர்னல் அழைப்பு எந்தப் பிழையோடு திரும்பியது என்பதை எஸ்டிரேஸ் என்ற கருவி வரிவரியாகக் காட்டும். ஆனால் ஜிவைசரிலும் ஃபயர்கிராக்கரிலும் நிரலின் அழைப்புகள் ஹோஸ்ட் கெர்னலுக்கு நேராகப் போவதில்லை. அங்கே வெளியிலிருந்து எஸ்டிரேஸ் ஓட்டிப் பயனில்லை.

ஏஜெண்டுகளுக்கே உரிய சிக்கல் வேறு. தடையைத் தடை என்று உணராத ஏஜெண்ட், நூலகத்தை மாற்றும், சோதனை நிரலையே திருத்தும், இறுதியில் வேலை முடிந்ததாக அறிக்கை தரும். அந்த அறிக்கையைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. இட்ட கட்டளைகள், அவற்றின் வெளியீடு, வெளியேறு எண்கள், மாறிய கோப்புகள் ஆகியவையே சான்று. இவற்றை அடைப்புக்கு வெளியே சேமிப்பது கட்டாயம். சர்வர் பக்கத்தில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், பணி முடிந்ததும் சாண்ட்பாக்ஸ் அழிக்கப்பட்டால் உள்ளே சென்று பார்க்க எதுவும் மிஞ்சாது.

எல்லாத் தடைகளையும் நீக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது பரவலான பழக்கம், ஆபத்தானதும்கூட. உண்மையான கடவுச்சொற்கள் இல்லாத நகல் ஒன்றில், ஒரு சமயத்தில் ஒரு தடையை மட்டும் தளர்த்திச் சோதிப்பதே சரியான முறை.