அந்தலுஸின் தோட்ட நூல்கள்

'ஃபலாஹ்' என்னும் அரபுச் சொல்லை நாம் ஐவேளையும் பாங்கொலியில் கேட்கின்றோம். ஈடேற்றம், வெற்றி என்பது அதன் பொருள். அதே வேரிலிருந்து பிறந்த 'ஃபிலாஹா' என்னும் சொல்லோ நிலத்தைப் பிளந்து பயிர்செய்தலைக் குறிக்கும். உழவையும் ஈடேற்றத்தையும் ஒரே வேரால் குறித்த அம்மொழியில் உழவு நூல்கள் பல தோன்றியமை இயல்பே. அவற்றுள் தலைசிறந்தவை அந்தலுஸில், அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில், பத்தாம் நூற்றாண்டு முதல் எழுந்தவையாகும். அவற்றைப் பெயரளவில் புகழ்வோர் பலர். அவை எவ்வாறு எழுதப்பட்டன என்று ஆராய்வோர் சிலரே. அதனை ஈண்டுச் சிறிது காண்போம்.

தோட்டக்காரனுக்கு முதற்கண் தெரியவேண்டுவது காலம். நம் ஹிஜ்ரி ஆண்டு பிறையைப் பின்பற்றுவது. கதிரவன் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆகவே ரமலான் மாதம் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவந்துவிடும். நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் உரிய இக்கணக்கு விதைப்புக்கு உதவாது. பிறை பார்த்து நோன்பு நோற்கும் நம் தமிழக உழவர்கள் ஆடிப்பட்டம் பார்த்து விதைப்பதும் இதனாலன்றோ! அந்தலுஸ் மக்களும் இவ்வாறே இரண்டு கணக்குகளையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றினர்.

961-ஆம் ஆண்டைச் சார்ந்த 'குர்துபா நாட்காட்டி' இதற்குச் சான்று. கலீஃபா இரண்டாம் ஹகமுக்கென அமைந்த அந்நூல் கதிரவன் மாதங்களை வரிசைப்படுத்தி, வானத்தில் எழும் விண்மீன்களையும் நிலத்தில் செய்யவேண்டிய பணிகளையும் ஒருங்கே கூறுகின்றது. ஆப்பிள், பேரி மரங்களுக்கு ஒட்டுக்கட்டப் பிப்ரவரி. அத்தியை ஒட்டவும், கரும்பு நடவும், கத்தரியும் வெள்ளரியும் விதைக்கவும் மார்ச்சு என்று அது வகுத்துரைக்கும். அரீப் இப்னு ஸஅத் என்னும் அறிஞரோடு, ரபீஃ இப்னு ஸைத் என்ற அரபுப் பெயர் தாங்கிய கிறித்தவ ஆயர் ஒருவரும் இந்நூலோடு தொடர்புடையவராகக் கூறப்படுகின்றார். மண்ணைப் பற்றிய அறிவைச் சமய வேலிக்குள் அடைக்க அவர்கள் முயலவில்லை என்பது இதனால் விளங்கும்.

அடுத்த நூற்றாண்டில் துலைத்துலா நகரில் வாழ்ந்தவர் இப்னு பஸ்ஸால். மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, நீர், எரு, நடவு, ஒட்டு என்று அவர் நூல் யாத்தார். முன்னோர் நூல்களை மேற்கோள் காட்டாமல் தம் கைப்பட்ட அனுபவத்தையே அவர் பேசியது குறிப்பிடத்தக்கது. 1085-இல் துலைத்துலா வீழ்ந்தபோது அவர் இஷ்பீலியாவுக்குச் சென்று, அங்கும் தோட்டப்பணியைத் தொடர்ந்தார். ஆட்சி போயிற்று, கைத்திறன் அவருடனேயே சென்றது.

அதே இஷ்பீலியாவில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இப்னுல் அவ்வாம் 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூலை எழுதினார். 585 செடிகொடி மரங்களை அது விரித்துரைக்கின்றது. கிரேக்க, ரோமானிய, பாபிலோனிய மரபுகளையும் அந்தலுஸ் ஆசிரியர்களையும் அவர் தொகுத்தார். ஆயின், தம் கருத்தென ஒன்றைச் சொல்லுமுன் அதனைப் பலமுறை செய்து பார்த்ததாக முன்னுரையில் உறுதி கூறுகின்றார். நகரின் மேற்கே ஷரஃப் மேட்டுநிலத்தில் அவர் செய்த சோதனைகள் நூலெங்கும் இடம்பெறுகின்றன.

மரஞ்செடிகளின் நோய்களுக்கென அவர் ஓர் இயலையே ஒதுக்கியுள்ளார். பயிர் மஞ்சளித்து வாடும் நோயை அரபியர் 'யரகான்' என்பர். மனிதருக்கு வரும் காமாலைக்கும் அதுவே பெயர். இச்சொல்லாட்சி வெறும் உவமையன்று. அக்கால மருத்துவன் நோயாளியைப் பார்த்தது போலவே அவ்வாசிரியர்கள் மரத்தையும் பார்த்தனர். இலை வாடினால் உடனே நீரை ஊற்றுதல் அறிவன்று. நீர் மிகுந்தாலும் இலை வாடும்; குறைந்தாலும் வாடும்; மண்ணில் உப்பு ஏறினாலும், வேரைப் புழு அரித்தாலும், கடுங்குளிர் தாக்கினாலும் வாடும். அறிகுறி ஒன்றாயினும் காரணம் வேறு. ஆதலால் மருந்தும் வேறு. மண்ணில் உப்பு உண்டா என்றறிய, அதனை நன்னீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைச் சுவைத்துப் பார்க்கும் எளிய முறையை அந்நூல் கூறுகின்றது. வேரைச் சுற்றிய மண்ணைத் திறந்து பார்த்தல், கெட்ட மண்ணை மாற்றுதல், பட்ட கிளையை அறுத்தல், நன்கு மக்கிய எருவையும் சாம்பலையும் அளவறிந்து இடுதல் ஆகியவை அம்மரபின் மருந்துகள். இவை இன்றும் எந்தத் தோட்டத்திற்கும் பொருந்துவன.

ஆனால் அக்கால நூல்களில் உள்ள அனைத்தும் பொன் என்று நாம் சொல்லோம். 904-இல் இப்னு வஹ்ஷிய்யா அரபியில் தந்த 'நபத்தேய உழவு' என்னும் நூலில் நல்ல அனுபவங்களோடு மந்திரமும் மாயமும் விரவிக் கிடக்கின்றன. இப்னுல் அவ்வாம் அதிலிருந்தும் எடுத்துக்கொண்டார். சோதித்துப் பார்ப்பதே பதரைப் பிரிக்கும் முறம் என்பதை அவரே காட்டிச் சென்றமையால், அவர் நூலையும் அம்முறத்தில் இடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

1248-இல் இஷ்பீலியாவும் கைமாறிற்று. 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் உழுத நிலங்கள் பல தரிசாயின. பின்னர் 1802-இல், தன் நாட்டின் உழவைச் சீர்திருத்த விரும்பிய அதே ஸ்பெயின், இப்னுல் அவ்வாமின் நூலை அரபு மூலத்தோடும் ஸ்பானிய மொழிபெயர்ப்போடும் மத்ரீதில் இரு தொகுதிகளாக அச்சிட்டது. மொழிபெயர்த்தவர் பாங்கேரி என்னும் கிறித்தவப் பாதிரியார். உழவரை விரட்டிய மண் அவர்தம் நூலைத் தேடிய வரலாறு இது.

நம் முன்னோர் பெருமையை மேடைகளில் முழங்குகின்றோம். குர்துபாவின் மார்ச்சு மாதக் குறிப்பைக் கொண்டு காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ எவரும் விதைக்க முடியாது. அங்கே அது குளிர் நீங்கும் காலம். இங்கே கோடையின் வாயில். அந்நூல்களிலிருந்து நாம் பெறவேண்டுவது தேதிகளையன்று, முறையை. நம் கொல்லையில் முருங்கை எப்போது பூத்தது, எலுமிச்சையில் எப்போது புழு விழுந்தது, எதைச் செய்தபோது நீங்கிற்று என்று ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் குடும்பம், அறிந்தோ அறியாமலோ, இப்னுல் அவ்வாமின் வழியில் நடக்கின்றது. அக்குறிப்பேட்டைப் பிள்ளைகளிடம் எழுதக் கொடுப்பது இன்னும் சிறப்பு.