அந்தம்மா பேரு என்னா?

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 43 பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் பொதுவான ஒரே விஷயம் கேமரா. சிலரிடம் அதுவும் கிடையாது, போன்தான். குழுவின் பெயரில் 'கலை' என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் விழும் செய்திகளில் கலை பற்றியது நான்கைந்து தேறினால் அதிகம். மீதியெல்லாம் "அங்க மழையா?", "சென்சார் கிளீன் பண்ண எங்க குடுக்கலாம்?", "அண்ணே, பொண்ணுக்கு ரிசல்ட் வந்துருச்சா?" வகையறா. காலை ஆறு மணிக்கு யாராவது ஒருவர் டீ கிளாஸைப் படம் எடுத்துப் போடுவார். பத்துப் பேர் அதற்கு இதயம் விடுவார்கள். ரொம்ப நாள் இதை வெட்டிப் பேச்சு என்று நினைத்து மியூட்டில் போட்டு வைத்திருந்தேன்.

போன டிசம்பரில் ஒரு தம்பி வால்பாறை போய்வந்து ஒரு படம் போட்டான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு வயதான பெண், முதுகில் கூடை, பின்னால் மூடுபனி. உண்மையிலேயே நல்ல படம். "செம லைட் ப்ரோ", "பொக்கே அள்ளுது", "என்ன லென்ஸ்?" என்று வரிசையாக விழுந்தது. எங்கள் குழுவில் இலங்கை மலையகத்திலிருந்து ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஹட்டன் அண்ணன் என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். அவர் ஒரே ஒரு வரி எழுதினார்: "அந்தம்மா பேரு என்னா தம்பி?"

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் போடவில்லை. பிறகு தம்பி எழுதினான்: "கேக்கலண்ணே. தமிழ்தான் பேசுனாங்க. தோணல."

அண்ணன் கோபப்படவில்லை. "பரவால்ல தம்பி. எங்க பக்கம் பொகவந்தலாவ சர்ச்சுல ஒரு வெள்ளக்காரம்மா கல்லறை இருக்கு. அதுவும் ஒங்கள மாதிரி படம் எடுக்குற அம்மாதான். தேடிப் பாருங்க" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

தேடினேன். அந்த அம்மா ஜூலியா மார்கரெட் கேமரூன். புகைப்பட வரலாற்றை ஒரு பக்கம் புரட்டியவர்கள்கூட இந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. எனக்கும் தெரியும்தான். ஆனால் அவர் பொகவந்தலாவையில் புதைக்கப்பட்டிருக்கிறார் என்று தெரியாது. அவர் புகைப்படக்காரரானதே ஒரு நண்பரின் கடிதங்களில் தொடங்கிய கதை என்பதும் தெரியாது.

அந்த நண்பர் ஜான் ஹெர்ஷல். வானியலாளர். ஆனால் இந்தக் கலைக்கு அவர் செய்ததில் பாதியை ஒரு நல்ல குரூப் மெம்பர் செய்கிற வேலை என்றே சொல்லலாம். 1839 ஜனவரியில் பாரிஸில் டாகேரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதும், இங்கிலாந்தில் டால்பட் தன்னுடைய காகிதப் படங்களை அவசரமாக வெளியே எடுத்தார். அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. எடுத்த படம் வெளிச்சத்தில் மேலும் மேலும் கறுத்துக்கொண்டே போகும். உப்பு போட்டு ஒருமாதிரி சமாளித்துக்கொண்டிருந்தார். ஹெர்ஷலோ 20 வருஷம் முன்பே, 1819இல், ஹைப்போ என்று நாம் சொல்லும் உப்பு வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். பிப்ரவரி 1ஆம் தேதி டால்பட் அவர் வீட்டுக்கு வந்தபோது, "இதப் போட்டுப் பாருங்க" என்கிற பாவனையில் காட்டிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு ஃபிலிம் காலம் முடியும்வரை இருட்டறைகளில் அதே ஹைப்போதான்.

அதே மாதம் 28ஆம் தேதி டால்பட்டுக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் வைத்திருக்கும் பெயர் வாய்க்கு வளையவில்லை என்று சொல்லி, 'ஃபோட்டோகிராஃபி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். (பிரேசிலில் ஃப்ளோரன்ஸ் என்பவர் 1834இலேயே கிட்டத்தட்ட அதே சொல்லைத் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். அவருக்குப் பேசிப் பகிர ஒரு கூட்டம் இல்லை, சொல் அங்கேயே தங்கிவிட்டது.) நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களைப் புகைப்படத்துக்குள் கொண்டுவந்ததும் ஹெர்ஷல்தான். நாம் தினமும் குரூப்பில் பேசும் பாஷையின் ஒரு பகுதி கடிதத்தில் அரட்டை அடித்து உண்டானது.

கேமரூனும் ஹெர்ஷலும் சந்தித்தது 1836இல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில். கல்கத்தாவில் பிறந்த ஜூலியா உடம்பு தேற அங்கே போயிருந்தார். ஹெர்ஷல் தென்வானத்து நட்சத்திரங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஜூலியா கல்கத்தாவுக்குத் திரும்பி, சார்ல்ஸ் ஹே கேமரூனைக் கல்யாணம் செய்துகொண்டார். இலங்கையில் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பரிச்சயமாக இருக்கும். 1833இன் கோல்புரூக்–கேமரூன் சீர்திருத்தங்களில் வரும் கேமரூன் இவர்தான். 1842இல் ஹெர்ஷல் கல்கத்தாவிலிருந்த தோழிக்குச் சில புகைப்படங்களை அனுப்பினார். அவர் பார்த்த முதல் புகைப்படங்கள் அவை. "இங்க பாருங்க, இப்படி ஒண்ணு வந்திருக்கு" என்று நாம் லிங்க் அனுப்புவதுபோல.

அந்த லிங்க் வேலை செய்ய 21 வருஷம் ஆனது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு 48 வயது. வைட் தீவில் வீடு. கோழிக்கூட்டைக் காலி செய்து ஸ்டூடியோ ஆக்கினார், கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆனது. ஈரக் கொலோடியன் முறையில் படம் எடுப்பது லேசான வேலை கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவி முடிக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் கையைக் கறுப்பாக்கிவிடும். ஈரத் தகடு சொட்டச் சொட்ட, சாப்பாட்டு மேசையில் இருக்கும் கணவரிடம் ஓடிக் காட்டுவாராம். வீட்டு மேசைவிரிப்பெல்லாம் கறை. பின்னாளில் அவரே எழுதிவைத்த விஷயம் இது. எடுத்த உடனே யாரிடமாவது காட்டியாக வேண்டும் என்கிற அந்தத் தவிப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது.

அடுத்த ஆள் ஹெர்ஷல். அவருக்குப் படங்களை அனுப்புவார், ஏன் தகட்டில் விரிசல் விழுகிறது என்று கேட்பார். அவர் பதில் போடுவார். படத்தைக் கழுவ அந்தக் காலத்தில் பொட்டாசியம் சயனைடும் பயன்படுத்துவார்கள். அது கையெல்லாம் வழிகிறது என்று கேமரூன் சாதாரணமாக எழுதப்போக, தயவுசெய்து ஜாக்கிரதையாக இருங்கள், அது பயங்கர விஷம் என்று ஹெர்ஷல் பதறி எழுதினார். இந்த இடத்தில் எனக்கு எங்கள் குழுவின் ஒரு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. யார் அருவி படம் போட்டாலும் முதலில் "பாறை வழுக்கும், பாத்து" என்பார். படத்தைப் பற்றி அப்புறம்தான்.

1864 கடைசி நாளில் கேமரூன் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதம் பிரசித்தம். ஃபோகஸ் என்றால் என்ன, எது சரியான ஃபோகஸ் என்று தீர்மானிக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று அதில் கேட்டார். அவருடைய முகங்கள் மெல்லக் கலங்கியிருக்கும். சில நிமிஷம் அசையாமல் உட்காரவைத்து எடுத்த படங்கள், மூச்சின் அசைவுகூட அதில் இருக்கும். லண்டனின் புகைப்படச் சங்கத்தாருக்கு இது பிடிக்கவில்லை. 1865இல் அவர்களுடைய இதழில் அவரது வேலை ஒழுங்கற்றது என்று எழுதினார்கள். அவர் தகடுகளில் விரல்ரேகை இருக்கும், கீறல் இருக்கும். அடுத்த வருஷம் ஹெர்ஷல் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் தாளிலிருந்து தலையை வெளியே நீட்டுகிறாள், உயிரோடு இருக்கிறாள் என்ற பொருளில் எழுதினார். சங்கத்தின் விமர்சனத்தில் தகவல் பிழை ஒன்றும் இல்லை, கீறல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் அடுத்த நாள் காலை மறுபடி கோழிக்கூட்டுக்குள் போனதற்குக் கணவரின் கைதட்டலும் ஹெர்ஷலின் கடிதமும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஹட்டன் அண்ணனின் கேள்வி என்னோடு கூடவே வந்துகொண்டிருந்ததால், கேமரூன் படங்களில் இருப்பவர்களின் பெயர்களைத் தேட ஆரம்பித்தேன். டென்னிசன், டார்வின் மாதிரி பெரிய மனுஷர்களுக்குப் பெயர் இருப்பது அதிசயமில்லை. வேலைக்காரர்களுக்கும் இருக்கிறது. அவருக்குத் திரும்பத் திரும்ப மாதாவாக உட்கார்ந்த பணிப்பெண் மேரி ஹில்லியர். இன்னொரு பணிப்பெண் மேரி ரயன், தெருவில் பிச்சை கேட்டு நின்ற ஐரிஷ் குடும்பத்துப் பெண். அவளுடைய படத்தைக் கண்காட்சியில் பார்த்து மயங்கிய ஒரு இளைஞன் 1867இல் அவளையே கல்யாணம் செய்துகொண்டான். அவன் ஹென்றி காட்டன், பிறந்தது நம் கும்பகோணத்தில். பின்னால் 1904இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைவரானார். சும்மா சொல்லி வைக்கிறேன், குரூப்பில் இதைப் போட்டபோது கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஒரு வாரம் இதையே பேசிக்கொண்டிருந்தார்.

1867 ஏப்ரலில் கேமரூன் தன் கருவிகளையெல்லாம் கட்டிக்கொண்டு கென்ட்டில் இருந்த ஹெர்ஷல் வீட்டுக்கே போனார். அவருடைய வெள்ளை முடியைக் கழுவிக் கலைத்துவிடச் சொன்னார் என்பார்கள். இருட்டிலிருந்து ஒளிவட்டம் போட்ட மாதிரி அந்தக் கிழவர் முகம் வெளியே வரும் படம் அப்போது எடுத்ததுதான். 31 வருஷப் பேச்சு அந்தக் கண்களில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் எடுத்திருந்தால் அவர் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

ஹெர்ஷல் 1871இல் இறந்தார். 1875இல் கேமரூன் தம்பதி இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். சார்ல்ஸ் கேமரூனுக்கு அங்கே கோப்பித் தோட்டங்கள். 1869இல் முதலில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளைத் தின்றுகொண்டிருந்த நேரம். அந்தக் காலத்து மலைநாட்டுத் தோட்டங்களில் கோப்பிப் பழம் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்தவர்கள், அண்ணனின் முன்னோர் மாதிரி.

இங்கே கேமரூன் எடுத்தவற்றில் 30க்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன. வெக்கையில் கொலோடியன் சீக்கிரம் காய்ந்துவிடும், கடிதம் போய்வர வாரக்கணக்கு. எடுத்த படத்தை அனுப்பிக் கேட்க ஹெர்ஷலும் இல்லை. எஞ்சிய படங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், பெயர்கள் பெரும்பாலும் இல்லை. "ஒரு குழு", "இளம்பெண்" என்கிற மாதிரி. களுத்துறையில் எடுத்த ஒன்றில் சிறுமிக்கு 12 வயது, கிழவர் தான் அவளுக்கு அப்பா என்றும் தனக்கு 100 வயது என்றும் சொல்கிறார் என்று குறிப்பு இருக்கிறது. அவ்வளவு தூரம் யார் மூலமாகவோ விசாரித்திருக்கிறார். வயது வந்தது, உறவு வந்தது, பெயர் வரவில்லை.

1877இல் களுத்துறைக்கு வந்த ஓவியர் மேரியன் நார்த் ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறார். உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகு கேமரூனுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் அடம்பிடித்தார். வீட்டில் தோட்டமே கிடையாது. தோட்டக்காரர் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆளுக்கும் தெரியாது. நார்த் இதைச் சிரிப்பாகத்தான் சொல்கிறார். நானும் முதலில் சிரித்தேன்.

கேமரூனைத் திட்டிவிட்டால் இந்தக் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். எனக்கு அதில் விருப்பமில்லை. மேரி ஹில்லியர் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார், அவரோடு தினமும் பேச்சு இருந்தது. அதனால் பெயர் படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. களுத்துறையில் அந்தப் பேச்சுக்குப் பொது மொழி இல்லை, அவர் உட்கார்ந்திருந்ததோ தோட்ட முதலாளியின் வீட்டில். வால்பாறையில் எங்கள் தம்பிக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. அவனுக்கு மட்டுமா? என் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். மீன் விற்கும் அம்மா, கரும்புச்சாறு தாத்தா, பலூன் பையன் என்று ஃபோல்டர்கள். ஆறு வருஷப் படங்கள். ஐந்தாறு பேரின் பெயர்தான் எனக்குத் தெரியும். அதுவும் என்னிடம் அவர்களாகச் சொன்னது.

கேமரூன் 1879 ஜனவரி 26ஆம் தேதி டிக்கோயா பள்ளத்தாக்கில் இருந்த தோட்டத்து வீட்டில் இறந்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அண்ணனுக்குத் தனியாக ஒரு நீளமான செய்தி எழுதினேன். அவர் பதிலுக்கு, தன் அம்மா கொழுந்துக் கூடையோடு நிற்கும் பழைய படம் ஒன்றைக் குரூப்பில் போட்டார். கீழே அம்மாவின் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன் என்பதுகூட இருந்தது. இங்கே எழுத அனுமதி கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. அம்மா எப்படி இருக்காங்க, மூட்டுவலிக்கு என்ன மருந்து என்று பேச்சு போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பொகவந்தலாவை போய் அந்தச் சர்ச்சையும் கல்லறையையும் போனில் எடுத்து அனுப்பினார். முதல் பதில் வால்பாறைத் தம்பியிடமிருந்து.

"சூப்பர்ணே. ஹொரைசன் மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு."

"இங்க மலையே சாஞ்சிதான் தம்பி இருக்கு" என்றார் அண்ணன்.